ஒரு டம்ளர் குளுக்கோசுக்கு யார் பொறுப்பு?

முன்பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கண்கூடாகத் தெரிந்த விஷயம் இது. தாராவியிலிருந்தும் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தும் திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுக்க வரும் தாய்மார்களில் பலர் ஆறு, ஏழு மாத வயிற்றோடு வருகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அந்த வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணம் எந்த வாரத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் சோதனையை முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஒருமுறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் செய்ய வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டே வரலாம், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கூலிக்காரப் பெண்களுக்கென்றே செய்தது போன்ற இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. தமிழ்நாட்டில் 2007-லேயே இச்சோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று ஆணை வந்துவிட்டது.

நடப்பது என்ன? இங்கே, "ஊருக்குத்தானே போகிறாய், அங்கே எடுத்துக்கொள்" என்கிறார்கள். அங்கே போனால், "பம்பாயிலேயே எடுத்திருப்பார்களே" என்கிறார்கள். நம் சங்கத்து மூட்டைத் தொழிலாளி ஒருவரின் மனைவி இப்படித்தான் இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போனார். குழந்தை நாலு கிலோவுக்கு மேல், அவசர ஆபரேஷன். பிறந்ததும் குழந்தையின் சர்க்கரை இறங்கி, நாலு நாள் தனி வார்டில் கிடந்தது.

ரயில்வே ஊழியர் வீட்டுப் பெண்ணுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே சந்தில் குடியிருக்கும் ஒப்பந்தக் கூலியின் மனைவிக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பதென்றால் அரைநாள் கூலி போயிற்று. மராத்தியில் சொல்வது புரியாமல் பாதியில் எழுந்து வந்தவர்களும் உண்டு. இதை அவர்களின் அறியாமை என்று சொல்வோர் மீது நமக்குக் கோபம்தான் வருகிறது.

கல்யாணத்துக்கு முன்பே சர்க்கரை உள்ள பெண்களின் நிலை இன்னும் மோசம். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். கருவின் இதயமும் மூளையும் உருவாகத் தொடங்குவது முதல் எட்டு வாரத்தில். பாதி நாள் போன பிறகுதான் கர்ப்பம் என்றே தெரிகிறது. அதனால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் போய்ச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புருஷன்மார்களே, கூடப் போங்கள்.

மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிடம் நாம் கேட்பது: ஊருக்குப் போகிறவர் என்று தட்டிக் கழிக்காதீர்கள், வந்த அன்றே சோதித்து, முடிவை அட்டையில் எழுதிக் கொடுங்கள். மாதந்தோறும் 9-ம் தேதி டாக்டரே கர்ப்பிணிகளை இலவசமாகப் பார்க்கும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அடுத்த 9-ம் தேதி முதல், மராத்தி தெரிந்த நம் சங்கப் பெண்கள் இருவர் துணைக்கு வருவார்கள். முதல்நாள் மாலைக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்த அட்டையை ஒருமுறை நம்மிடம் காட்டிவிட்டுப் போங்கள்.