துவேஷத்தால் யாருக்கு ஆதாயம்?

“ஹிட்லர் யூதர்களைக் கொன்ற கதை முகத்துவாரக்குப்பத்து மீனவனுக்கு எதற்கு?” என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். அவனுக்குத்தான் முதலில் வேண்டும் என்கிறோம் நாம்!

1932-ல் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. ஆலைக் கதவை மூடியவன் முதலாளி. நாஜிகள் கைகாட்டியதோ, ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத யூதர்களை! 1933 ஏப்ரலில் யூதர் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். 1935-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1945-க்குள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். ஜெர்மன் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? 1933 மே 2-ல் அவனுடைய சங்கங்களையும் நசுக்கினார்கள். பிறகு யுத்தக்களத்துக்கு விரட்டினார்கள்.

இது அயல்நாட்டு விவகாரம் மட்டுமா? 1921-ல் நம் பி அண்டு சி ஆலையில் வேலைநிறுத்தம். ஜாதி இந்துத் தொழிலாளர் தீண்டாமையை விடவில்லை; அந்த வெடிப்பிலே வெள்ளை நிர்வாகம் ஆப்பு அடித்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. போராட்டம் தோற்றது. ஜெயித்தவன் முதலாளி!

இன்று “வடக்கத்தியான் வந்து நம் பிழைப்பைக் கெடுத்தான்” என்கிறார்கள். கேட்கிறோம்: கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டியவன் பீகார் கூலியா? 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு பரவியதே, அதை விட்டவன் அவனா? அவனைக் குறைந்த கூலிக்குப் பிடித்து வருபவன் காண்டிராக்டர், சண்டை அவனோடு!

பீகார் தொழிலாளியையும் சங்கத்தில் சேர்ப்போம். சம வேலைக்குச் சம கூலி கேட்போம். துவேஷ விதையை முளையிலேயே கிள்ளுவோம்!