கத்தரிப்பூ நிறமும் சரிகைக் கரையும்

தீபாவளி நெருங்கினால் புதுவீடு வாங்கிய இளம் தம்பதியர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “ஊதாவும் பொன்னும் சேர்த்து வீட்டை அலங்கரிக்கலாமா? அடுக்குமாடி வீடு, இருட்டிவிடாதா?”

தாராளமாக அலங்கரிக்கலாம். அளவு தெரிந்தால் போதும். அதற்கு அம்மாவின் பீரோவில் இருக்கும் கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் பட்டைப் பாருங்கள். உடல் ஊதா, கரையில் மட்டும் சரிகை. அந்தப் புடவையை மணப்பெண் கட்டினால் அழகு. சபையில் எல்லாரும் அதையே கட்டி வந்தால் மணப்பெண்ணைத் தேட வேண்டியதுதான்.

வீடும் அப்படித்தான். கூடத்தில் ஒரு சுவர் அல்லது திரைச்சீலை மட்டும் ஊதாவாக இருக்கட்டும். மற்ற சுவர்கள் சந்தன நிறத்திலோ வெளிர் வெள்ளையிலோ இருந்தால் அறை விரிந்து தெரியும்.

ஊதா ஒரு காலத்தில் ஐரோப்பிய அரசர்களின் நிறம். கடல் நத்தைகளிலிருந்து எடுத்த அந்தச் சாயத்துக்கு அவ்வளவு விலை. 1856-இல் இலண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது தற்செயலாக ஓர் ஊதாச் சாயம் கிடைத்தது. பிறகு அந்த நிறம் எல்லாருக்கும் எட்டியது. மலிவாகக் கிடைப்பதால்தான் இன்று அள்ளிப் பூசிவிடுகிறோம்.

வாடகை வீடா? சுவரைத் தொடாதீர்கள். திரைச்சீலை, மெத்தை உறை, மேசை விரிப்பு போதும். வீடு மாறினால் கூடவே வரும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. மாலை வெயில் விழும் சன்னலுக்கு உள்துணி வைத்துத் தையுங்கள்; இல்லாவிட்டால் ஊதா சீக்கிரம் வெளுத்துவிடும்.

பொன் நிறத்துக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் அலங்காரம் வேண்டாம். பாட்டியின் குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, சொம்பு ஆகியவற்றைத் துலக்கி வையுங்கள். பழைய சரிகையின் அடக்கமான மினுக்கு அவற்றில் உண்டு.

விளக்கையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பரவலாக உள்ள 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பொன் நிறம் சோகை பிடித்ததுபோல் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் ஊதா பழுப்புப் பக்கம் சாயும். 3500 அல்லது 4000 இரண்டுக்கும் ஒத்துவரும். துணி வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பகலிலும் இரவிலும் வீட்டில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: அம்மாவின் பழைய பட்டை வெட்டி மெத்தை உறை தைக்கலாமா? புடவை நன்றாக இருந்தால் வெட்டாதீர்கள். மடிப்பை அவ்வப்போது மாற்றி வைத்து, கட்டிக்கொள்ளுங்கள். மடிப்பில் இற்றுப்போயிருந்தால் முந்தானையை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டலாம். கடையில் வாங்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

ஆனால், கத்தரியை எடுக்குமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவருடைய முகூர்த்தப் புடவையாக இருக்கலாம்.