முப்பது வயதில் ஓய்வு பெற்றால் அபராதமா?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குகிற ஆட்டம். மகனையோ மகளையோ பார்க்க அங்கே போனபோது டிவியில் இதைப் பார்த்துவிட்டு, "இது விளையாட்டா, அடிதடியா?" என்று கேட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

இதில் வைட் ரிசீவர் என்று ஒருவர் உண்டு. வரிசையின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்தோடி, தூரத்திலிருந்து வீசப்படும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. பந்தை அண்ணாந்து பார்த்தபடி எம்பும்போது விலாவும் தலையும் காப்பில்லாமல் கிடக்கும். எதிரணிக்காரன் முழு வேகத்தில் வந்து மோதுவது அந்த நொடியில்தான்.

நான் இன்று வக்காலத்து வாங்கப்போவது கால்வின் ஜான்சன் என்கிற வைட் ரிசீவருக்கு. ஆறடி ஐந்து அங்குல உயரம். பட்டப்பெயர் 'மெகாட்ரான்'. 2007-ல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே அந்த அணி ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறுக்குப் பூஜ்யம்! அப்படிப்பட்ட அணியில் இருந்துகொண்டு ஜான்சன் அதே ஆண்டு 1,331 கெஜ தூரத்துக்குப் பந்து பிடித்தார்.

2012-ல் 1,964 கெஜம். ஜெர்ரி ரைஸ் 1995-ல் வைத்திருந்த 1,848 கெஜம் என்ற சாதனை தகர்ந்தது. அந்த ஆண்டு லயன்ஸ் ஜெயித்தது 4 ஆட்டம்தான். 2013-ல் டல்லாஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 329 கெஜம். ஒன்பது ஆண்டு உழைப்பில் இரண்டே இரண்டு முறை அணி நாக் அவுட் சுற்றுக்குப் போனது. இரண்டிலும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டியது. இதற்கெல்லாம் அவர் வாய் திறந்து நிர்வாகத்தைத் திட்டியதில்லை.

விரல், முழங்கால், கணுக்கால் என்று அடிபடாத இடமில்லை. 2016 மார்ச்சில், 30 வயதில், போதும் என்று ஓய்வை அறிவித்தார். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? ஒப்பந்தத்தின்போது முன்பணமாகக் கொடுத்த போனஸில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. பத்து லட்சம் டாலருக்குக் குறையாத தொகை.

"ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், கோடி கோடியாக வாங்கியவன் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சரி, அந்த ஒப்பந்தத்தையே பார்ப்போம்.

இந்த லீகில் ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளத்துக்குச் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அதனால் போனஸை முன்னதாகவே கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் பல ஆண்டுகளுக்குப் பங்குபோட்டு எழுதுவார்கள். ஆட்டக்காரர் இடையில் விலகினால், ஆடாத ஆண்டுகளின் பங்கை அணி திருப்பிக் கேட்கலாம். விதி இடம் கொடுக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் அணி அவரை நடுவில் கழற்றிவிட்டால்? உத்தரவாதம் எழுதித் தராத மீதி ஆண்டுச் சம்பளம் அப்படியே காற்றில் போகும். அவனுக்கு வயதாகிவிட்டது, முழங்கால் போய்விட்டது என்று ஒரு காகிதம் நீட்டினால் முடிந்தது. முதலாளி முறித்தால் நிர்வாக முடிவு, தொழிலாளி முறித்தால் அபராதம்! இதற்குப் பெயர் ஒப்பந்தமா? ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற கத்தி.

அதுவும் ஜான்சன் போனதால் அணிக்கு நஷ்டமா என்ன? அவருக்கு அந்த ஆண்டு தரவேண்டியிருந்த, கோடி டாலரைத் தாண்டும் சம்பளம் மிச்சம். அவ்வளவு மிச்சம் பிடித்த பிறகும் இந்தச் சில்லறைக்குக் கை நீட்டினார்கள். விதி 'கேட்கலாம்' என்றுதான் சொல்கிறது, 'கேட்டே தீரவேண்டும்' என்று சொல்லவில்லை. இதே அணி, 1999-ல் விலகிய பாரி சாண்டர்ஸ் என்ற மகத்தான ஆட்டக்காரரிடமும் மத்தியஸ்தர் வரை போய் போனஸைத் திருப்பி வாங்கியது. பழக்கதோஷம்!

"இன்னும் நாலு வருஷம் ஆடியிருக்கலாமே" என்று அங்கலாய்க்கும் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. வின்சென்ட் ஜாக்சன் என்று இன்னொரு வைட் ரிசீவர் இருந்தார். 2021 பிப்ரவரியில், 38 வயதில், ஃபுளோரிடாவில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். அதே ஆண்டு டிசம்பரில், டென்வர் அணியில் புகழ்பெற்ற டெமேரியஸ் தாமஸ், 33 வயதில் போய்ச் சேர்ந்தார். இருவரின் மூளையையும் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு, இரண்டாம் நிலையில், இருவருக்கும் இருந்தது. மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நோயை உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய இன்னும் வழியில்லை. அதாவது, எந்த அடியோடு நிறுத்தியிருக்கவேண்டும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. பல முறை தலை அதிர அடிபட்டதாக ஜான்சனே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அவர் முப்பதில் நிறுத்தினால், ஐயா, அது சோம்பலா, புத்திசாலித்தனமா?

2021-ல் ஓஹையோவின் கேன்டன் நகரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ஜான்சனைச் சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டு போதவில்லை என்று வாக்களித்தவர்கள் நினைக்கவில்லை. ஆனால் சொந்த அணியோடு பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பின்னர் மெல்ல மெல்ல உறவு சீரானது. 2024 செப்டம்பரில் அவர் பெயரை லயன்ஸ் தன் மைதானத்தில் பொறித்தது. சந்தோஷம். ஆனால் எட்டு வருஷம் கழித்துச் சுவரில் பெயர் எழுதுவதைவிட, போகிற அன்று கைகுலுக்கி அனுப்பியிருந்தால் செலவும் குறைவு, மரியாதையும் மிச்சம்.

விருப்ப ஓய்வில் போகிற குமாஸ்தாவுக்குக்கூட ஒரு மாலை போட்டு, இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புவோம். போகிறவரின் உடம்பு அவருடையது. எப்போது போதும் என்று சொல்கிற உரிமையும் அவருடையது. உழைத்த ஒன்பது ஆண்டை மறந்து, உழைக்காத ஆண்டுக்குக் கணக்குப் பார்க்கிற நிர்வாகம் எந்த ஊரில் இருந்தாலும் அதற்குப் பெயர் கஞ்சத்தனம்தான்.