உத்தரவு வாயால், குற்றச்சாட்டு மின்னஞ்சலில்

“இதை ஒரு மெயில்ல போட்டுடுங்க சார்” என்று ஊழியர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். “அதெல்லாம் எதுக்குப்பா, நான்தான் சொல்றேன்ல” என்கிறார் மேலாளர். மூன்று மாதம் கழித்து வேலை சொதப்பிவிடுகிறது. அப்போது தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. பெறுநர் ஒருவர், நகல் பதினோரு பேருக்கு.

எழுத வேண்டியதை வாயால் சொல்வதும், நேரில் சொல்ல வேண்டியதை எழுதுவதும் நம் அலுவலகங்களின் வழக்கமாகிவிட்டது. மின்னஞ்சலா, நேர்ப்பேச்சா என்ற விவாதத்தைப் பயிற்சி வகுப்புகளில் வேகம், வசதி என்ற கணக்கிலேயே முடித்துவிடுகிறார்கள். நாளை பழி யார் தலையில் விழும் என்ற கணக்கு அங்கே பேசப்படுவதில்லை.

அரசு நிர்வாகம் அந்தக் கணக்கை அறியும். வாய்மொழி உத்தரவை மேலதிகாரி உடனடியாக எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், கீழுள்ளவரும் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்கின்றன அகில இந்தியப் பணிகளின் நடத்தை விதிகள். விதி ஏட்டில் கிடந்தது. உத்தரவுகள் வாய்வழியே பறந்தன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொடர்ந்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய உத்தரவுகளைப் பதிவுசெய்தாக வேண்டும் என்றது. பதிவே இல்லையென்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதும் அதன் கவலை. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மின்னஞ்சலையும் ‘தகவல்’ என்றே வரையறுக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் எழுதித் தள்ளினால் வேறு வியாதி. “மெயில் போட்டாச்சு” என்பது கைகழுவும் வாசகம் (நானும் சொல்லியிருக்கிறேன்). அடுத்த மேசையில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீரும் சந்தேகம் ஏழு பதில்களாக நீள்கிறது. “இன்றே முடித்துத் தரவும்” என்பதைக் கோரிக்கையாகவும் படிக்கலாம், மிரட்டலாகவும் படிக்கலாம். குறைக்கும் வருத்தத்துக்கும் முகம் தேவை.

ஆனால், நேரில் உட்கார்ந்தாலே உண்மை வெளிவந்துவிடும் என்று நம்பிவிட முடியாது. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இடது இறக்கையில், ஏவிய சுமார் 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்புத் துண்டு மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாதபோது, நாசா பொறியாளர் ராட்னி ரோச்சா கடுமையான மின்னஞ்சல் ஒன்றை எழுதினார். மேலிடத்துக்கு அனுப்பவில்லை. பிறகு நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அவர் இருந்தார். அங்கும் எதிர்த்துப் பேசவில்லை. பிப்ரவரி 1 அன்று ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரும் இறந்தனர். மேலே இருப்பவரிடம் ‘தவறு’ என்று சொல்ல முடியாத இடத்தில் மின்னஞ்சலும் ஊமை, கூட்டமும் ஊமை.

எனவே, மின்னஞ்சலா, நேர்ப்பேச்சா என்பது ஊழியர் கையில் உள்ள தேர்வே அல்ல. மேலாளர்களே, குறை சொல்வதானால் ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். உத்தரவிட்டால் அன்று மாலைக்குள் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். “மெயில்ல போட்டுடுங்க சார்” என்று ஒருவர் கேட்டால், தயவுசெய்து முகத்தைச் சுளிக்காதீர்கள்.