போதை மிட்டாயில் வேர்க்கடலை ஆபத்து!

கனடாவிலும், அமெரிக்காவின் பல ராஜ்யங்களிலும் கஞ்சா கலந்த மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் ஆகியவை சட்டப்படி கடைகளில் விற்கப்படுகின்றன. வயது வந்தவர்களுக்கு மட்டுமே விற்பனை.

இவற்றில் உள்ள போதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இவற்றில் கலந்திருக்கும் பாலையும், வேர்க்கடலையையும் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் சிலருக்கு எமனாக வருவது அந்த வேர்க்கடலைதான்!

ஒவ்வாமை என்பது என்ன?

உடலைக் காப்பதற்கென்று ஒரு சக்தி உடலுக்குள்ளேயே இருக்கிறது. சிலருக்கு அந்தச் சக்தி நல்ல உணவையும் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. உடனே தோல் தடிக்கும். உதடும் நாக்கும் வீங்கும். மூச்சு அடைக்கும். எபினெப்ரின் என்ற ஊசி மருந்தை உடனே போடாவிட்டால் உயிரும் போகலாம். சிலருக்கு ஒரு சிட்டிகை வேர்க்கடலைத் தூளே போதும்.

எப்படிக் கலக்கிறது?

கஞ்சாவின் போதைச் சத்து தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும். ஆகவே அதை வெண்ணெயிலோ, தேங்காய் எண்ணெயிலோ கலக்கிறார்கள். எண்ணெய் பிரியாமல் இருக்க லெசித்தின் சேர்ப்பதும் உண்டு. அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுகிறது. பிறகு சாக்லேட், கோதுமை மாவு, பாதாம் போன்றவை சேருகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. காலையில் வேர்க்கடலைச் சாக்லேட் செய்த யந்திரத்தில் மாலையில் வெறும் சாக்லேட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சரியாகக் கழுவவில்லை. அந்தச் சாக்லேட்டிலும் வேர்க்கடலை ஒட்டிக்கொள்ளும். லேபிளிலோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இராது.

இதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. போதையில் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். ஒவ்வாமையிலும் அப்படியே. "போதைதான், தெளிந்துவிடும்" என்று படுத்துவிட்டால், ஊசி போடவேண்டிய நேரம் கைநழுவிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, கொட்டைப் பருப்பு வகை, வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய 8 பொருள்களையும் லேபிளில் காட்டவேண்டும் என்று அமெரிக்காவில் 2004-ல் சட்டம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆயிற்று.

ஆனால் உணவில் கஞ்சாவின் போதைச் சத்தைச் சேர்ப்பதை மத்திய சர்க்கார் அனுமதிக்கவில்லை. ஆகவே இந்தத் தொழிலைக் கண்காணிக்கும் பொறுப்பு ராஜ்ய சர்க்கார்களின் தலையில் விழுந்திருக்கிறது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் விதி வேறுபடுகிறது.

கனடாவில் நாடு முழுவதும் ஒரே விதி. அங்கே 2019 அக்டோபர் 17-ல் கஞ்சாத் தின்பண்டங்களுக்குச் சட்டம் வழிவிட்டது. ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராம் போதைச் சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் காட்டவேண்டும். குழந்தைகள் திறக்கமுடியாத பொட்டலத்தில் அடைக்கவேண்டும். விற்பனைக்கான சாதாரண உணவைச் செய்யும் கட்டிடத்திலேயே இவற்றையும் செய்யக்கூடாது.

குழந்தைகளும் தொழிலாளர்களும்

மிட்டாய் என்றால் குழந்தைகள் விடுவார்களா? அமெரிக்காவில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தெரியாமல் இவற்றைத் தின்றதாக, விஷ முறிவு ஆலோசனை நிலையங்களுக்கு 2017-ல் 207 தகவல்கள் வந்தன. 2021-ல் அது 3,054 ஆக உயர்ந்தது.

கஞ்சாத் தூளும் சிலருக்கு ஒவ்வாது. 2022 ஜனவரியில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், கஞ்சாத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் ஆஸ்துமா முற்றி இறந்தார். அரைத்த கஞ்சாத் தூள் பறக்கும் இடத்தில் அவர் வேலை செய்துவந்தார்.

வழி என்ன?

வழி கடினமானதல்ல. ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே வைக்கவேண்டும். வேர்க்கடலை இல்லாத பண்டத்தை முதலில் செய்து, வேர்க்கடலைப் பண்டத்தைக் கடைசியில் செய்யவேண்டும். யந்திரத்தைக் கழுவியபின் சோதனை செய்து பார்க்கவேண்டும். பொட்டலத்துக்குள் இருப்பதும் லேபிளில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்க்கவேண்டும். தொழிலாளர்களைத் தூளிலிருந்து காக்கவேண்டும்.

போதைப் பொருளாகவே இருக்கட்டும். வாயில் போட்டு மென்றுவிட்டால் அதுவும் உணவுதான். கடையைத் திறக்க அனுமதி கொடுத்த சட்டம், அதன் சமையலறையையும் எட்டிப் பார்க்கவேண்டும்.