பழைய பூச்சும் புதிய விழாவும்

விழா அணுகுகின்றதென்றால் கல்லூரிச் சுவர்களுக்குப் புதுநிறம் வேண்டுமென்ற எண்ணம் முந்தியெழுதல் இயல்பே. பழைய மாணவர் மனமுவந்து பொருள் உதவுகின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் எந்நிறம் நன்றெனக் கருத்துங் கூறுகின்றனர். ஆயின், புதுப் பூச்சுக்குக் கீழே இருப்பது யாதென வினவுவாரைக் காண்டல் அரிது.

சுண்ணக்கல்லாற் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஆண்டுதோறும் வெள்ளையடித்து வந்த சுவர்கள் யாழ்ப்பாணத்துப் பழைய கட்டடங்களில் இன்றும் உள. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு அடைத்து வைப்பதில்லை. தன்னூடாக வெளியேற விடும். அதன்மேல் எமல்சனைப் பூசுங்கால், அது சுவரைப் பற்றாது மேலே பொடிந்து நிற்கும் சுண்ணாம்பையே பற்றுகின்றது. உள்ளே ஈரமும் உவரும் நெருக்க, மாரி கழியுமுன் கொப்புளங் கண்டு தகடு தகடாய் உரிகின்றது. எமக்குத் தெரிந்த மண்டபமொன்று புரட்டாதியிற் பூசப்பெற்றுத் தைப்பொங்கலுக்கு முன் உரிந்தது. உள்ளங்கையாற் சுவரைத் தடவிக் கை வெளுக்கின்றதா என்று பார்த்திருந்தால் அச்செலவு மிஞ்சியிருக்கும். வெளுக்குமாயின் ஒன்றில் சுரண்டிக் கழுவி உலரவிட்டபின் பூசவேண்டும். அன்றேல் சுண்ணாம்பே மீண்டும் அடிக்கவேண்டும். பின்னையதே பழைய சுவருக்கு ஏற்றதென்பது எம் துணிபு.

கதவு யன்னல்களின் கதை வேறு; அது பணத்தோடு முடிவதன்று. பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் வர்ணத்திலுள்ள ஈயத்திற்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டிலேயே. ஆதலால், அதற்கு முன் பூசிய பலகை எதனையும் ஐயத்துடனேயே நோக்கல் வேண்டும். ஈயம் உடலிற் சேர்தற்குத் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒரே அளவு ஈயத்தை உட்கொண்டாலும் வளர்ந்தோரிலும் நான்கைந்து மடங்கு சிறு பிள்ளைகளின் உடல் ஏற்றுக்கொள்கின்றது. கெடுவது முதலில் மூளை. பிள்ளைகளின் கல்விக்கென எழுந்த கட்டடத்தில் இதைவிடக் கொடிய முரண் உண்டோ?

எனவே உலர்ந்த பலகையை அரத்தாளால் உராய்தலும், தீச்சுவாலையால் வாட்டி உரித்தலும் ஆகா. முன்னையது நச்சுத் தூசியையும் பின்னையது நச்சுப் புகையையும் எழுப்பும். நீர் தெளித்து நனைத்தே சுரண்டவேண்டும். கீழே விரிப்பிட்டு உதிர்வதை அள்ளவேண்டும். கிணற்றடியிலோ பூம்பாத்தியிலோ கொட்டலாகாது. உறுதியாய் ஒட்டியிருக்கும் பூச்சை முற்றும் உரிக்க வேண்டியதுமில்லை. நனைத்து மினுக்கம் போக்கினாற் போதும்.

சுரண்டல் என்னும் சொல்லுக்கு அரசியலார் வேறு பொருள் கற்பித்துவிட்டனர். நாம் இங்கு கூறியது கைத்தகட்டால் ஆவது. ஆயினும் மற்றப் பொருளும் இவ்விடயத்தில் இல்லாமற் போகவில்லை. பூசிய பரப்பைச் சதுர அடியால் அளந்து கூலி கொடுக்கின்றோம். மூன்று நாள் நின்று சுரண்டியவனுக்கும் சுரண்டாது பூசியவனுக்கும் ஒரே தொகை. பின்னர் வேலை சரியில்லை என்று முறையிடுகின்றோம்! சுரண்டும் வேலைக்குப் பெயர்க்கல் நாட்டுவாருமில்லை. கேள்விப் பத்திரத்தில் இவ்வேலைக்கெனத் தனித்தொகை ஒதுக்கி, அது முடிந்ததைக் கண்ணாற் கண்டபின்னரே முதற் பூச்சுக்கு இடங்கொடுத்தல் நன்று.

தூரத்துக் கொந்தராத்துக்காரரை விடுத்து அயலூர்த் தொழிலாளரை அமர்த்துக என்று நாம் கூறுவது ஊர்ப்பற்றால் மட்டுமன்று. எந்த மூலையில் உவர் ஏறும், எந்த யன்னலிற் சாரல் அடிக்கும் என்பதை அவர் அறிவர்; பூச்சு உரிந்தால் மறுநாளே அழைத்துக் காட்டவும் கூடும். அவருட் சிலரின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். உடையில் ஒட்டிய ஈயத்தூசி அவர்தம் வீட்டுக்கும் செல்லுமாதலால், முகக்கவசமும், மாற்றுடையும், சவர்க்காரமும், கை கால் கழுவ நீரும் கொடுப்பது கல்லூரியின் கடன்.

மார்கழி விடுமுறை மழைக்காலம், பூச்சு உலராது. சித்திரை விடுமுறையே தக்கது. அப்போது, பிள்ளைகள் இல்லாத வேளையில், ஆரம்பப் பிரிவின் யன்னல்களிலிருந்து வேலையைத் தொடங்குமாறு விழாக் குழுவினரை வேண்டுகின்றோம். மண்டபத்தின் முகப்பு ஓராண்டு பொறுத்திருக்கட்டும்.