விரைவுச் சொற்கள்

ஆங்கிலத்தில் விரைவைக் குறிக்குஞ் சொற்கள் பல. அவையனைத்திற்கும் 'விரைவு' என்னும் ஒரு பொருளையே எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் மாணவரிடை உண்டு. அது களையத்தக்கது என்பது எமது துணிபு.

'குவிக்' என்பது பழைய ஆங்கிலத்தில் உயிருள்ளதைக் குறித்தது. ஆதலின் இன்றும் அறிவின் கூர்மைக்கும் சிறுபொழுதில் முடியுஞ் செயலுக்கும் பொருந்துகின்றது. 'பாஸ்ற்' முதலில் அசையாத உறுதியைக் குறித்தது. ஓடும் வண்டிக்கும் இறுகிய முடிச்சிற்கும் அஃது இன்றும் ஒருங்கே வழங்குதல் காண்க. 'றப்பிட்' பற்றிப் பறித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியிற் பிறந்தது. 'ஹேஸ்ரி'யோ ஆராயாது பதறுதலைப் பழிக்குஞ் சொல். விரைந்து விடையெழுதுதல் திறமை; பதறி எழுதுதல் குற்றம்.

பௌதிகத்தில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. 'ஸ்பீட்' பருமன் மட்டும் உடையது. 'வெலொசிற்றி' திசையும் உடையது. முன்னதை ஈழத்துப் பாடநூல்கள் கதி என்றும், பின்னதை வேகம் என்றும் வழங்கும். தமிழ்நாட்டு நூல்களோ முன்னதை வேகமென்றும் பின்னதைத் திசைவேகமென்றுங் கூறும். வட்டப் பாதையில் மாறாக் கதியுடன் ஓடுவானது வேகம் கணந்தோறும் மாறும் என்பது ஈழத்து வழக்கில் உண்மை. தமிழ்நாட்டு வழக்கிற் கொண்டு படிப்பார்க்கு அதுவே முரணாகத் தோன்றும். இருநாட்டு நூல்களையும் பயிலும் மாணவன் சொல்லை மட்டும் நம்பின் வழுவுவான்.

தமிழும் இத்துறையில் வறியதன்று. கதழ்வு, துனைவு என்பன விரைவின் பொருளன எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். கடுகல், முடுகல், பதறல் என்பன இன்றும் உள. ஆதலின் மாணவர் அகராதியின் முதற்பொருளோடு அமையாது, சொல் வழங்கும் இடத்தையும் நோக்கிப் பயில்வாராக. ஆசிரியரும் பொருளொன்று கூறுமிடத்து எடுத்துக்காட்டொன்றும் உடன் தருவாராக.